கிரைண்டர் சத்தத்தில் திருடனான தாய்மாமன்

என் தாய்மாமனைத் திருடனாக்க எனக்குத் தேவைப்பட்டது மூன்று நிமிட வீடியோவும் ஒரு கிரைண்டரும்தான். அவர் நல்ல மனிதர் என்று பெயரெடுக்க ஐம்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது நான் மதுரையில் விஸ்காம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, குற்றத் தொடர்களின் தொடக்கக் காட்சிகள். ஒரு கொலைத் தொடர் ஆரம்பித்த முதல் மூன்று நிமிடத்தில், யாரும் யாரையும் கொல்வதற்கு முன்பே, பார்க்கிறவன் ஏன் காலை மடக்கி நாற்காலிக்கு மேலே வைத்துக்கொள்கிறான்? இதுதான் கேள்வி. இதற்காக நான் எத்தனை தொடர்கள் பார்த்தேன் என்று கணக்கில்லை. (வீட்டில் கேட்டால் 'படிக்கிறேன்' என்பேன். அது பொய்யில்லை என்பதுதான் அந்தப் படிப்பின் விசேஷம்.)

பார்க்கப் பார்க்க எனக்குச் சூத்திரம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். முதலில் மனிதரைக் காட்டக் கூடாது, பொருளைக் காட்ட வேண்டும். மனிதரைக் காட்டினாலும் முகத்துக்கு முன்னால் கை வர வேண்டும். கேமரா மெதுவாக, ரொம்ப மெதுவாக, உள்ளே நகர வேண்டும். படத்திலிருந்து மஞ்சளையும் சிவப்பையும் பிழிந்து எடுத்துவிட்டு நீலம் ஊற்ற வேண்டும். அடியில் ஒரு உறுமல் ஓட வேண்டும். அது காதில் விழக் கூடாது, வயிற்றில் விழ வேண்டும். கடைசியில் எல்லாச் சத்தத்தையும் பட்டென்று நிறுத்திவிட்டு, ஒரே ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். எந்த நல்லவனையும் இதற்குள் போட்டு எடுத்தால் கெட்டவனாகிவிடுவான்.

இதை நான் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் அண்ணன் கார்த்திக்குக் கல்யாணம் ஆனது.

பெண் தொண்டிப் பக்கம். பெயர் தீபா. கல்யாணம் ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் நல்லபடியாக நடந்தது. வீடியோ எடுத்தவர் எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன். அவர் வழக்கமாகப் போடும் வீடியோவில் மாப்பிள்ளையின் காதிலிருந்து இதயங்கள் புறப்பட்டுப் பெண்ணின் காதுக்குள் போகும். ரோஜாப் பூ சுற்றும். தாஜ்மகால் திறக்கும், உள்ளே மாமனாரும் மாமியாரும் நிற்பார்கள். இதையெல்லாம் நான் வாழும் காலத்தில் என் அண்ணனுக்கு நடக்க விடுவதா?

"அண்ணே, எடுத்தது பூராவையும் அப்படியே எனக்குக் குடுத்துருங்க. ஆரம்பத் தொறப்பு மட்டும் நான் எடிட் பண்ணிக்கிறேன்" என்றேன்.

"தாராளமாப் பண்ணுத்தா" என்று ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேலை மிச்சம் என்பதுதான் அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்குப் பெண் வீட்டார் நாள் பார்த்ததில் பத்து நாள் தள்ளிப்போனது. அந்தப் பத்து நாளும் நான் அறைக்குள்தான் இருந்தேன். உறுமல் சத்தத்துக்கு வெகுநேரம் யோசித்து, எங்கள் வீட்டு மாவு கிரைண்டரை ஓடவிட்டுப் போனில் பதிவு செய்து, அதை எட்டு மடங்கு மெதுவாக்கினேன். பூமிக்கு அடியில் ஏதோ ஒரு மிருகம் புரண்டு படுப்பது போல வந்தது. புல்லரித்துவிட்டது.

"எதுக்குடி அரிசி போடாம கிரைண்டர ஓட விடுற?" என்று அம்மா கத்தியது.

"சவுண்ட் எடுக்குறேம்மா."

"சத்தம் வேணும்னா என்னையக் கேளு, நான் போடுறேன்" என்று அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டது. அதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்திருந்தது.

சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் படத்தை வெட்டினேன். அப்போதுதான் கண் கூர்மையாகும் என்று எங்கோ படித்திருந்தேன். மேலும் அசல் சத்தத்தில் இருந்ததெல்லாம் பந்தி இரைச்சலும், 'அந்தத் தேங்காய எங்கடா வச்ச' என்கிற கூச்சலும்தானே, அதில் என்ன கலை இருக்கிறது?

இப்படியாக என் அண்ணன் கல்யாண வீடியோ தொடங்கியது. முதலில் சீர்வரிசைப் பித்தளை அண்டா. அதன் இருண்ட வாய்க்குள் கேமரா மெதுவாக இறங்குகிறது. அடுத்து, வாழை இலையை நறுக்கும் கத்தி. பூக்கட்டும் இரண்டு கைகள், நாரைச் சுற்றி இறுக்குகின்றன. (முகம் இல்லை. கழுத்தை நெரிக்கிற மாதிரியே இருக்கும்.) நீலம் ஊற்றியதில் மஞ்சள் சாம்பலாகிவிட்டது, குங்குமம் காய்ந்த ரத்தமாகிவிட்டது. அடியில் கிரைண்டர் உறுமுகிறது. வரவேற்பு மேசையில் வெள்ளிச் சந்தனக் கும்பா, பக்கத்தில் யாருமில்லை. அடுத்து, ஒரு ஜோடிக் கண்கள். இடது பக்கம் பார்க்கின்றன. வலது பக்கம் பார்க்கின்றன. திரும்பவும் கும்பா. ஒரு கை வேட்டி மடிப்புக்குள் எதையோ சொருகுகிறது. இருட்டு. சத்தமே இல்லை. 'டொக்' என்று ஒரு சொட்டுத் தண்ணீர். சிவப்பு எழுத்தில் 'கார்த்தி – தீபா'.

அந்தக் கண்களும் கையும் என் தாய்மாமன் முனியசாமியுடையவை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் மிளகாய் விவசாயம். யாரோ பேருந்தில் விட்டுப்போன டார்ச் லைட்டைத் திருப்பிக் கொடுக்க ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர். ஊர்க் கோயிலின் சாவிக்கொத்து, சாமி நகைப் பெட்டிச் சாவி உட்பட, இருபது வருடமாக அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. அவருக்கு இருந்த ஒரே குறை சர்க்கரை நோய். அதற்கு வாய்த்த ஒரே காவல் அவர் மனைவி ராக்கு அத்தை. மாமா போகிற டீக்கடைக்கெல்லாம் அத்தை நேரில் போய், "இவருக்கு மட்டும் சீனி போட்டேன்னு தெரிஞ்சுச்சு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு வரும். மீதியைக் கடைக்காரர் கற்பனை செய்துகொள்ள வேண்டும். (தொடக்கக் காட்சி எப்படி அமைப்பது என்று நான் அத்தையிடம் படித்திருக்கலாம்.)

பந்தியில் மாமா உட்கார்ந்திருக்கும் ஒரு படத்துண்டில், அவர் இடமும் வலமும் திருட்டு முழி முழிப்பதை வேகமாக ஓட்டிப் பார்க்கும்போது கண்டுபிடித்தேன். என்ன ஒரு முழி! எந்த நடிகனுக்கும் வராது. எதற்காக அப்படி முழிக்கிறார் என்று ஒரு பத்து விநாடி பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. வெட்டி எடுத்துக் கும்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

விருந்தன்று எங்கள் ஆட்கள் இருபது பேர் ஒரு வேனில் தொண்டிக்குப் போனோம். தீபா வீட்டுக் கூடத்தில் சுவர் அளவுக்கு ஒரு டிவி, அதற்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். எனக்குச் சொர்க்கத்தைக் கண்ட மாதிரி இருந்தது. அடுப்படியிலிருந்து நண்டுக் குழம்பும் சீலா மீன் வறுவலும் மணந்தன. பின்கட்டில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மூணு நிமிசம். கல்யாண வீடியோவோட தொறப்பு மட்டும் பாத்துருவோம்" என்றேன்.

எல்லோரும் ஆசையாக வந்து உட்கார்ந்தார்கள். பென் டிரைவைச் சொருகினேன்.

கிரைண்டர் உறுமியதும் ஷோகேஸில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வயதானவர் ஒருவர் காலை மடக்கி நாற்காலிக்கு மேலே வைத்துக்கொண்டார். என் சூத்திரம் வேலை செய்கிறது! பூ நாரை இறுக்கும் இடத்தில் யாரோ ஒரு அம்மா, "என்ன, எழவு வீடு மாதிரில்ல இருக்கு" என்று முணுமுணுத்தது. கும்பா வந்தது. கண்கள் வந்தன. கை வந்தது. இருட்டு. டொக்.

கூடத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதல்லவோ பாராட்டு என்று நினைத்தேன்.

தீபாவின் பெரியம்மா எழுந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஏ... அது நம்ம கும்பால்ல?"

"மதினி, சும்மா இருங்க" என்றார் தீபாவின் அப்பா.

"எதுக்குச் சும்மா இருக்க? மூணு தலைமுறைக் கும்பா. கல்யாணத்தன்னைக்குக் காணாமப் போச்சு. சம்பந்தி வீட்ல சொன்னாச் சங்கடப்படுவாகன்னு பத்து நாளா வாயப் பொத்திக்கிட்டு இருக்கோம். இப்ப அவுகளே படம் புடிச்சுக் கொண்டாந்து காட்டுறாக!"

என் கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். கும்பா காணாமல் போன விஷயம் எங்கள் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது. கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் மாமா பக்கம் திரும்பியது. அதைப் பார்த்தபோதும், பாவி மனசு, 'நல்ல ஷாட்' என்றது.

தீபாவின் அப்பா மரியாதை தெரிந்தவர். மெதுவாகக் கேட்டார். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. அன்னைக்கு இடுப்புல என்னமோ சொருகுனீகளே, அது என்னன்னு சொல்லிட்டீகன்னா முடிஞ்சு போச்சு."

மாமா அவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ராக்கு அத்தையைப் பார்த்தார். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதுவா? அது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இப்பிடி வேர்க்குது?" என்றது அத்தை. கட்டின மனைவியே இப்படிக் கேட்டால் வெளியாட்கள் என்ன நினைப்பார்கள்?

நான் குறுக்கே விழுந்தேன். "அய்யோ, அது சும்மா எடிட்டிங்! கும்பா இருந்தது வாசல்ல. மாமா முழிச்சது பந்தியில. ரெண்டும் வேற வேற எடம்."

"அப்ப ஏன்த்தா ரெண்டையும் ஒட்டுன?" என்றார் பெரியம்மா.

"அது... ஒரு டென்ஷனுக்காக."

"யாருக்கு?"

இந்தக் கேள்விக்கு என் ஆய்வில் எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை.

வாசல் சுவர் ரோஸ் கலர், பந்திக்கூடத்துச் சுவர் பச்சை. அதைக் காட்டியாவது நிரூபிக்கலாம் என்று படத்தை நிறுத்திப் பார்த்தேன். இரண்டும் நீலமாக இருந்தன. நான்தான் ஊற்றியிருந்தேனே. அசல் ஹார்ட் டிஸ்க்கோ ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டில், என் அலமாரியில் இருந்தது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் வாரேன்" என்றார். அவ்வளவுதான். வாசலில் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. தாய்மாமன் சாப்பிடாமல் போனால் நாங்கள் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுந்தார். அம்மா எழுந்தது. இருபது பேரும் எழுந்து வேனுக்குப் போனோம். புது மாப்பிள்ளை என்பதால் கார்த்தியால் மட்டும் வர முடியவில்லை. அவன் என்னைப் பார்த்து, "வினோ, நான் வீட்டுக்கு வாரேன்" என்றான். சாதாரணமான வார்த்தைகள்தான். அடியில் உறுமல் எதுவும் தேவைப்படவில்லை.

வேன் தேவிபட்டினம் வந்தது. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தி, பட்டுச்சேலையும் பட்டு வேட்டியுமாக இருபது பேர் பன்னும் வாழைப்பழமும் தின்றோம்.

"என்ன, விசேசத்துக்குப் போறீகளா?" என்றார் டீ மாஸ்டர்.

"போய்ட்டுத்தான் வாரோம்" என்றார் அய்யா.

"அங்கன சாப்பாடு போடலையா?"

அய்யா என்னைப் பார்த்தார். நான் பன்னைப் பார்த்தேன்.

மாமா எதுவும் சாப்பிடவில்லை. வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், "மாமா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டு, "நீ என்னத்தச் செய்வ, படிக்கிற புள்ள" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம் இருக்கு. கோயில் சாவிய ஒப்படைச்சிர்றேன். எம் மேல ஒரு சொல் விழுந்தப்புறம் அத இடுப்புல வச்சிருக்கக் கூடாது." 

இரண்டு நாள் கழித்துக் கார்த்தியும் தீபாவும் வந்தார்கள். கார்த்தி என்னுடன் பேசவில்லை. இருபது பேருக்குச் சமைத்ததில் பாதியை அவன் ஒருவனே சாப்பிட வேண்டியிருந்ததாம். ஒவ்வொரு மீன் துண்டுக்கும் பெரியம்மா ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டே பரிமாறினாராம்.

அன்று காலை பத்து மணி இருக்கும். தீபா மதினி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியது. முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து மேசை மேல் வைத்தது. வெள்ளிச் சந்தனக் கும்பா.

"எங்க இருந்துச்சு?" என்று கும்பாவைக் கையில் எடுத்தேன்.

"நாங்க குடுத்த சீர் அண்டாக்குள்ள. அடியில, ஒரு துண்டுல சுத்தி. தண்ணி புடிக்கலாம்னு எறக்குனேன்."

"அப்பாடா! இப்பவே உங்க வீட்டுக்குப் போன் பண்ணுங்க மதினி!"

மதினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. "பண்ணி? 'கும்பா எங்க மாமியா வீட்லதான் இருக்கு'ன்னு சொல்லவா? எங்க பெரியம்மா என்ன சொல்லும்னு நெனைக்கிற?"

நினைத்துப் பார்த்தேன். சந்தேகமாக இருந்ததை நாமே உறுதிப்படுத்திவிட்ட மாதிரி ஆகிவிடும்.

"அன்னைக்கு எடுத்தது பூராவையும் போடு. சத்தத்தோட" என்றது மதினி.

அன்று பகல் முழுக்கவும் மறுநாள் பகலும் நாங்கள் இருவரும் அந்தக் கல்யாணத்தை முதல் விநாடியிலிருந்து பார்த்தோம். நான் முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தேன். எவ்வளவு பேச்சு! செருப்பைக் காணோம் என்று ஒருவர் கல்யாணம் முடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐயர் மந்திரத்துக்கு நடுவே மைக்செட்காரரிடம் காபி கேட்டார். தாலி கட்டும்போது கார்த்தி, "முடிச்சு இப்பிடியா அப்பிடியா" என்று கேட்க, மதினி, "எனக்கென்ன தெரியும்" என்று சொன்னதுகூட இருந்தது. மதினி அதை மூன்று தடவை போடச் சொல்லிச் சிரித்தது. அந்த மூன்று நாளில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

மாமாவின் படத்துண்டு வந்தது. இந்த முறை பத்து விநாடி பின்னால் போனேன். பச்சைச் சுவர் பளிச்சென்று இருந்தது. "ரசம்! ரசம்! ஏலே, இங்கன ரெண்டு எலைக்கு ரசம் வரல!" என்று பின்னால் சத்தம். மாமா இடது பக்கம் பார்க்கிறார். நாலு இலை தள்ளி ராக்கு அத்தை யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் பார்க்கிறார். அந்தப் பக்கத்து இலைக்காரர் கை கழுவப் போய்விட்டார், இலையில் ஒரு லட்டு தொடாமல் இருக்கிறது. மாமா மேசையில் விரித்த பேப்பரில் ஒரு துண்டு கிழித்தார். லட்டைச் சுற்றினார். இடுப்பில் சொருகினார்.

"லட்டா!" என்றோம் இருவரும்.

அடுத்த மணி நேரத்தில் இன்னொன்று கிடைத்தது. என் தொடக்கத்தின் முதல் காட்சி, அண்டாவின் இருண்ட வாய். நான் பயன்படுத்தியது நாலு விநாடிதான். முழுப் படத்துண்டில் கேமரா கொஞ்சம் விலகுகிறது. பெரியம்மா துண்டில் சுற்றிய எதையோ அண்டாவுக்குள் இறக்கிக்கொண்டே பக்கத்தில் யாருக்கோ சத்தமாகச் சொல்கிறார்: "கும்பா இதுக்குள்ள கெடக்கட்டும். வெளிய கெடந்தா எவளாச்சும் தூக்கிட்டுப் போயிருவா."

உண்மை முழுவதும் அந்த ஒலியில் இருந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அங்கேதான் நான் கிரைண்டரை ஓட்டியிருந்தேன்.

அன்று சாயங்கால வெயிலிலேயே மதினியும் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமா ஊருக்குப் போனோம். அத்தை களத்தில் மிளகாய் காயப்போட்டதை அள்ளிக்கொண்டிருந்தது. மாமாவை மோட்டார் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டினேன். பார்த்தார். கும்பா விஷயத்தில் அவர் முகம் மாறவே இல்லை. லட்டில்தான் மாறியது.

"ஏத்தா, இத யாரு யாரு பாத்திருக்கீக?"

"நாங்க ரெண்டு பேருந்தான்."

"அழிச்சிரு."

"மாமா! இதுதான் சாட்சி!"

"களவாணிங்குற பேரு ரெண்டு மாசத்துல மறந்து போகும்த்தா. லட்டு விசயம் உங்க அத்தைக்கு எந்தக் காலத்துலயும் மறக்காது."

நான் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. அப்போது மதினி கேட்டது. "நாளைக்கு ஊர்க்கூட்டத்துல சாவியக் குடுக்கப் போறீகளா மாமா?"

மாமா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இருவது வருசம்த்தா" என்றார். "ராத்திரி தூங்கையிலகூட இது குத்தும். குத்துனாத்தான் தூக்கம் வரும்."  எனக்கு எதையும் வெட்டவோ ஒட்டவோ தோன்றவில்லை.

அப்புறம் தொண்டையைச் செருமினார். "சரி, போடு. காலையிலயே போட்ரு. ஆனா உங்க அத்தையப் பின்னால, தள்ளி உக்கார வை."

ஞாயிற்றுக்கிழமை காலை அதே கூடம், அதே டிவி. எங்கள் பக்கம் அய்யா, அம்மா, கார்த்தி, மதினி, மாமா, அத்தை. நான் கும்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, யாரும் வாயைத் திறப்பதற்குள், "மொதல்ல இதப் பாருங்க" என்று படத்தைப் போட்டேன். நீலம் இல்லை. மஞ்சளும் சிவப்பும் அந்தப் பெரிய திரையை நிறைத்துக்கொண்டு வந்தன. ஸ்பீக்கரில் பந்தி இரைச்சல் காதைப் பிளந்தது.

அண்டா வந்தது. பெரியம்மாவின் குரல் வந்தது. "கும்பா இதுக்குள்ள கெடக்கட்டும்..."

"நானா அது?" என்றார் பெரியம்மா.

 பதில் டிவியிலேயே இருந்தது. அவர் எழுந்து மாமாவுக்கு எதிரே வந்து நின்றார். கையைக் கூப்பப் போனார். "அண்ணே, நான்..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அந்த வீட்டில் யாரிடமும் அவர் அந்த வாக்கியத்தை முடித்துப் பழக்கமில்லை போலிருக்கிறது.

"விடுங்கத்தா, விடுங்க. அதான் கெடச்சிருச்சுல்ல" என்றார் மாமா அவசரமாக. அவருக்கு அந்த இடத்திலேயே படம் முடிந்துவிட வேண்டும். ஆனால் தீபாவின் அப்பா, "வினோ, அந்த இடுப்புல சொருகுனதையும் போட்ரும்மா. யார் மனசுலயும் எதுவும் தங்கக் கூடாது" என்றார்.

போட்டேன். ரசம், ரசம். இடது பக்கம், வலது பக்கம். பேப்பர். லட்டு. இடுப்பு.

 பின்வரிசையிலிருந்து ராக்கு அத்தையின் குரல், பதற்றமே இல்லாமல் வந்தது.

"எத்தன?"

"ஒண்ணே ஒண்ணுதான் ராக்கு" என்றார் மாமா.

"வினோ, இன்னும் கொஞ்சம் பின்னால போ."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். ஆனால் பின்னால் போய்ப் பார்க்காததால் வந்த வினையை நான் நாலு நாளாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். போனேன். அவருடைய சொந்த இலையிலிருந்து ஒன்று, வாய்க்குள். எதிர் இலைக்காரர் "எனக்கு வேணாம்ணே" என்று நீட்டியது ஒன்று, அதுவும் வாய்க்குள்.

"மூணு" என்றது அத்தை.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். அப்புறம் ஒருத்தரும் பாக்கியில்லை. கார்த்தி சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒரு அடி வைத்தான். (பலமான அடி. அதில் சிரிப்பின் பங்கு குறைவு.) முன்பு நின்றுபோன விருந்தை, இருந்ததை வைத்து அன்றே போட்டார்கள். மாமாவுக்குச் சீலா மீன் வறுவலைப் பெரியம்மாவே வைத்தார், ஆளுக்கு இரண்டு என்றால் அவருக்கு ஐந்து. பாயாசத்தை அத்தையே வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டது. சாயங்கால ஊர்க்கூட்டத்துக்கு மாமா போனார். சாவி இடுப்பிலேயே திரும்பி வந்தது.

என் தொடக்கம் அழிக்கப்பட்டது. ஸ்டூடியோ அண்ணன் இதயம், ரோஜா, தாஜ்மகால் எல்லாம் போட்டு அழகாக ஒரு வீடியோ செய்து கொடுத்தார். இரண்டு குடும்பமும் அதைத்தான் இன்றும் பார்க்கிறது. அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் நடக்கிற எந்தக் கல்யாணத்திலும், பந்தியில் எடுத்தது முதலில் ராக்கு அத்தைக்குப் போகும். அத்தை பார்த்து முடித்த பிறகுதான் மாப்பிள்ளையே பார்க்கலாம். யாராவது யாரையாவது அவசரப்பட்டுக் குறை சொன்னால் இரண்டு வீட்டிலும், "பத்து விநாடி பின்னால போய்ப் பாத்தியா?" என்று கேட்பார்கள். இதை அதிகமாகக் கேட்பது பெரியம்மா. அவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

நான் இப்போது சென்னையில் எடிட்டராக இருக்கிறேன். குற்றத் தொடர்களுக்குத் தொடக்கக் காட்சி வெட்டுவதுதான் முக்கிய வேலை. (திருந்தவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.) போன மாதம் நான் வெட்டிய ஒரு தொடர் வந்தது. மழை, காலியான பேருந்து நிலையம், ஒரு தகர டப்பா உருளும் சத்தம், தூணுக்குப் பின்னால் ஒரு ஆள். எனக்கே திருப்தியாக இருந்தது. மறுநாள் மாமா போன் செய்தார்.

"பாத்தேன்த்தா. நல்லாருக்கு. சத்தத்த அமத்திட்டுத்தான் பாத்தேன்."

"ஐயோ மாமா, சத்தத்துக்குத்தான் பத்து நாள் வேலை பாத்தேன்! ஏன் அமத்துனீக?"

"சத்தம் இருந்தா அத்தன பேரும் களவாணியாத் தெரியிறான்" என்றார் மாமா. "அமத்திட்டுப் பாத்தா, பாவம்த்தா, எல்லாரும் பசியில நிக்கிற மாதிரில்ல இருக்கு."